குஞ்சு பொரிச்சாச்சு, சரி... அப்புறம்?

போன கர்க்கிடக மாசம் (நம்ம ஆடிதாங்க), மழை விட்ட ஒரு சாயங்காலம். ஜூ டவுன் தெருவுல சுக்கு வாசனையும் டூரிஸ்ட் கூட்டமும் கலந்து கிடக்க, எங்க கட்டடத்துல கீழ் வீட்டுத் தம்பி ஒரு பக்கெட்டை தட்டு போட்டு மூடித் தூக்கிட்டு படகுத் துறைப் பக்கம் போயிட்டிருந்தார். திருநெல்வேலிக்காரர். அடுத்த வாரம் குடும்பத்தோட ஷார்ஜா கிளம்பறார். தட்டைத் தூக்கிப் பார்த்தா, ஒரு அடி நீளத்துக்கு சக்கர் மீன்! கடையில 'டேங்க் கிளீனர்'னு விரல் நீளத்துல பிடிச்சுக் குடுப்பாங்களே, அதேதான்.

"நாலு வருஷம் புள்ள மாதிரி வளர்த்தது அண்ணாச்சி. கொல்ல மனசு வரல. காயல்ல விட்டா பிழைச்சுக்கும்."

பிழைச்சுக்கும். பிரச்சினையே அதுதான் தம்பி!

நடுரோட்டுல அரை மணி நேரம் சண்டை. அவர்கிட்ட சொன்னதையும் கோபத்துல சொல்ல விட்டதையும் இங்கே கொட்டிடறேன். ஊர் விட்டு ஊர் போற நம்ம குடும்பங்கள்ல பாதிப்பேர் வீட்டுல இந்தத் தொட்டி இருக்கு. அபார்ட்மெண்ட்ல நாய் கூடாது, பூனை கூடாது, மீனுக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்றதில்லை.

இந்த சக்கர் தென் அமெரிக்கக் கெளுத்தி. உடம்பு பூரா எலும்புக் கவசம். தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா மேல வந்து காத்தை விழுங்கி வயித்தாலயே மூச்சு விடும். சாக்கடைத் தண்ணி கூடப் போதும். கரையில பொந்து தோண்டி முட்டை போடும், ஆண் மீன் உள்ளேயே உட்கார்ந்து காவல் காக்கும். இது குடையறதுல கரை சரியும். வலையில சிக்கினா முள்ளு மாட்டி வலை கிழியும், கஷ்டப்பட்டு எடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. வேடிக்கை என்னன்னா, இது நம்ம வீட்டுத் தொட்டியில முட்டையே போடாது. அதுக்கு மண் கரையும் பொந்தும் வேணும். அதைத்தான் நாம பக்கெட்டுல தூக்கிட்டுப் போய் தானம் பண்றோம்.

"காயல் உப்புத் தண்ணிதானே, தானா செத்துடும்"னு ஒரு சமாதானம் உண்டு. (சாகும்னா அப்புறம் எதுக்கு விடறதாம்?) இந்த மீன் ஓரளவு உப்பைத் தாங்கும். அதோட தென்மேற்கு மழைக்காலத்துல கொச்சிக் காயல் கிட்டத்தட்ட நல்ல தண்ணி மாதிரி ஆயிடும், ஆறுகள் கொண்டு வந்து கொட்டற வெள்ளம் அப்படி. தம்பி கிளம்பினது சரியா அந்த மாசத்துல!

கற்பனை பண்ணி பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. திருவனந்தபுரம் நகரக் கால்வாய்கள்ல இது ஏற்கெனவே குடியேறியாச்சு. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில சுமார் 60 சதவீத நீர்நிலைகள்ல இது பரவியிருக்குன்னு ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகள் 2024-ல சொன்னாங்க. தண்ணியில கலந்திருக்கற டிஎன்ஏவை வச்சே கண்டுபிடிச்சாங்க. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரள ஆறுகள்ல அராபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில வந்ததைப் படிச்சிருப்பீங்க. அதெல்லாம் யாரோ தொட்டியிலயும் குளத்துலயும் ஆசையா வளர்த்ததுதான்.

இப்ப குஞ்சு பொரிக்கற கோஷ்டிக்கு வர்றேன். முதல் குற்றவாளி நானே.

என்கிட்ட இருந்தது பிரிஸ்டில்நோஸ். சக்கருக்குச் சொந்தக்காரன், ஆனா நாலஞ்சு இஞ்சோட நின்னுடும். ஆணுக்கு மூஞ்சி மேல கிளை கிளையா மீசை. ஒரு பிவிசி பைப் துண்டை ஒரு பக்கம் அடைச்சுப் போட்டேன். பத்து நாள்ல உள்ளே ஆரஞ்சு நிறத்துல ஜவ்வரிசி மாதிரி முட்டைக் கொத்து. அப்பன் வாசலை விட்டு நகரல. ராத்திரி பகல் வாலாலயும் துடுப்பாலயும் விசிறிக்கிட்டே இருந்தது, சாப்பாடு கூட இல்லை. பார்க்கப் பார்க்க கண்ணு கலங்கிடுச்சு. அஞ்சாம் நாள் பொரிஞ்சது. அதுக்கப்புறமும் மஞ்சக்கரு தீர்ற வரைக்கும் வெளியே விடல. வெளியே வந்ததும் வெந்நீர்ல போட்டெடுத்த வெள்ளரித் துண்டு, கீரை, ஒரு மரக்கட்டை. குஞ்சை உறிஞ்சிடாம ஸ்பான்ஜ் ஃபில்டர். தினமும் கொஞ்சம் தண்ணி மாத்தல். எழுபத்து சொச்சத்துல 52 தேறுச்சு. ஆபீஸ்ல லட்டு குடுக்காத குறை!

ஒரு மாசம் கழிச்சு இன்னொரு கொத்து. அப்புறம் இன்னொண்ணு.

கடைக்குக் கொண்டு போனா, "சாரே, ஆறெண்ணம் மதி"ங்கறார். ஆறு! நண்பர்கள் வீட்டுக்குப் போனா நான் கைப்பையைத் திறக்கறதுக்கு முன்னாடியே "மீன் வேண்டாம்"னாங்க. நாமதான் காமர்ஸ் படிச்சவனாச்சே, அன்னிக்குத்தான் உறைச்சது: இதுவரைக்கும் குஞ்சுகளை சொத்துப் பக்கம் எழுதிட்டு இருந்திருக்கேன். அது அத்தனையும் கடன். வீட்டுல குஞ்சு பொரிச்சதா பெருமை அடிக்கற யாரும் ஐந்தொகையோட அந்தப் பக்கத்தைக் காட்டறதே இல்லை. கோரிடோராஸ்காரங்களும் அப்படித்தான். மழை நாள்ல குளிர்ந்த தண்ணி ஊத்தி, கண்ணாடியில ஒட்டின முட்டையை நாட்டு வாதாம் இலை போட்ட டப்பாவுக்கு மாத்தி, ஆர்ட்டீமியா ஊட்டறது வரைக்கும் விலாவாரியா சொல்வாங்க. அந்த நூறு குஞ்சும் ஆறு மாசம் கழிச்சு எங்கேன்னு கேட்டா பேச்சு மாறிடும்.

பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடி வேலை, வீடு எல்லாம் விசாரிக்கறோம்ல? இணை சேர்க்கறதுக்கு முன்னாடியும் குஞ்சுக்கு வீடு விசாரிங்க. வாங்கறதா வாய் வார்த்தையா சொன்னவங்க பத்து பேரா? அப்ப ஒரு கொத்து போதும். குகையை எடுத்துட்டா பிரிஸ்டில்நோஸ் பெரும்பாலும் அடங்கிடும். நான் அதைத்தான் செஞ்சேன். ஆண் மீன் ரெண்டு நாள் அந்த மூலையையே சுத்தி வந்தது.

தம்பி அன்னிக்கு ஒண்ணு கேட்டார், சுருக்குன்னு தைச்சது. "இந்தத் தெருவே வெளியூர்க்காரங்க தெருதானே அண்ணாச்சி? யூதர் வந்தாங்க, டச்சுக்காரன் வந்தான், நீங்களும் நானும் வந்தோம். மீன் வந்தா மட்டும் குத்தமா?" எதிரே 1568-ல கட்டின பரதேசி சினகாக். பேரே பரதேசி!

நல்ல கேள்வி. ஆனா அவங்களுக்கு கொச்சி ராஜா கூப்பிட்டு அரண்மனைக்குப் பக்கத்துல இடம் குடுத்தார். வந்தவங்க ஊரோட பேசி, சண்டை போட்டு, வியாபாரம் பண்ணி ஒத்துப் போனாங்க. இந்த மீனை அந்தக் காயல்ல யார் கூப்பிட்டாங்க? அங்கே ஏற்கெனவே குடியிருக்கற மஞ்சக்கூரியை யாராவது கேட்டாங்களா? அதுவும் கெளுத்திதான், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. 1864-ல குந்தர் அதை விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தினதே கொச்சியில கிடைச்ச மீனை வச்சுத்தான். இன்னிக்கு அழியற ஆபத்துல இருக்கற பட்டியல்ல இருக்கு. அதை செயற்கையா குஞ்சு பொரிக்க வைக்க ஆராய்ச்சியாளர்கள் வருஷக் கணக்கா உழைச்சிருக்காங்க. அதே தண்ணியில நாம புண்ணியம்னு சொல்லி சக்கரை விடறோம்.

ஊர் மாறும்போது சாமான் லிஸ்ட்ல மீனையும் எழுதுங்க. ஒரு மாசம் முன்னாடியே ஆள் தேடுங்க. கடைக்காரர் சும்மா குடுத்தா வாங்கிக்கலாம். யாருமே கிடைக்கலைன்னா கிராம்பு எண்ணெய் இருக்கு. தண்ணியில நல்லா கலக்கினா மீன் முதல்ல மயங்கும், அளவு கூடினா அப்படியே அடங்கிடும். படிக்கவே சங்கடமா இருக்கா? எனக்கும்தான். பக்கெட்டோட படகுத் துறைக்குப் போறதுல இந்த சங்கடத்தை நாம படறதில்லை, காயல் படுது.

தம்பி கடைசியில பக்கெட்டை என் கையில குடுத்துட்டுப் போயிட்டார். சக்கர் இப்ப எங்க பால்கனியில நீல டிரம்முக்குள்ள. வெள்ளரிக்கா நல்லா சாப்பிடுது. நேத்து வீட்டம்மா கேட்டாங்க, "ஏப்ரல்ல உங்களுக்கு டிரான்ஸ்பர் வந்தா இது?"

ரெண்டு கடையில கேட்டாச்சு, ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாங்க. ஜூ டவுன்ல கிராம்பு எண்ணெய் கிடைக்கற கடை வழியாத்தான் தினம் ஆபீஸ் போறேன். இன்னும் வாங்கல.