புழு ஓசி இல்லீங்க!

செலவில்லாத தூண்டில் இரை எதுன்னு எங்க ஊரில் யாரைக் கேட்டாலும் மண்புழுன்னுதான் சொல்வாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். என் கணக்கில் அதைவிட விலை கூடின இரை கிடையாது.

கணக்கைச் சொல்றேன். ஒரு காலத்தில் ஃபோரேட் குருணையை இந்தக் கையாலேயே வயலில் வீசியிருக்கேன். அப்போ தூண்டிலுக்குப் புழு வேணும்னா பக்கத்துக்காரர் எருக்குழிக்குத்தான் போகணும். நாலு ஏக்கர் சொந்தமா வச்சுக்கிட்டு, ஒரு கொட்டாங்குச்சிப் புழுவுக்கு அடுத்தவர் வாசலில் நின்னவன் நான். குருணையை நிறுத்தி, தொழுவுரம் கொட்டி, சருகு மூடாக்குப் போட்டு, ஜீவாமிர்தம் ஊத்தி, வாழைக்கு அடியில் புழு எச்சம் உருண்டை உருண்டையா கண்ணில் படறதுக்கு மூணு வருஷம் ஆச்சு.

இப்போ பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், பசங்க மண்வெட்டியோட வாழைத்தோட்டத்துக்கு வந்துடறாங்க. "தாத்தா, உங்க தோட்டத்துப் புழுதான் கொழுகொழுன்னு இருக்கு"ன்னு பாராட்டு வேற. மூடாக்கைக் கிளறி வெயிலில் போட்டுட்டுப் போயிடறாங்க. என் மூணு வருஷ உழைப்பு தூண்டில் முள்ளில் தொங்குது.

சரி, மாற்று வேணுமே. கோயம்புத்தூரிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். ரோஸ் கலர் தூள், ஸ்ட்ராபெர்ரி வாசனை. "மாமா, இதைப் போட்டா கெண்டை க்யூவில் நிக்கும்"னான். "ஏன் மாப்ளே, நம்ம பண்ணைக்குட்டைக் கெண்டை ஸ்ட்ராபெர்ரியை எங்கே பார்த்துச்சு?" உரக்கடைக்கு முழுக்குப் போட்டவன் இரைக்கடையில் போய் நிக்கணுமா?

அந்த வீராப்பில் நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். எல்லாத்துக்கும் பஞ்சகவ்யாதானேன்னு அதை ஊத்தி மாவு பிசைஞ்சேன். முதலில் எறும்பு வந்துச்சு, அப்புறம் ஈ, கடைசியில் பக்கத்துத் தோட்டத்து நாய். மீன் மட்டும் வரலை.

புத்தி வந்தது புண்ணாக்கைப் பார்த்த பிறகுதான். குட்டைக் கெண்டைக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்துதானே தீவனம் போடுறோம்? தினமும் திங்கிற வாசனைக்கு வராமலா போகும்? செக்குப் புண்ணாக்குன்னா இன்னும் நல்லது, எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும். தூளாக்கி, தவிடும் கோதுமை மாவும் சேர்த்து, ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டு, வெந்நீர் தெளிச்சுக் கெட்டியா பிசையுங்க. முள்ளுக்குச் சுண்டைக்காய் அளவு போதும். அவிச்ச மக்காச்சோளமும் நல்லா எடுக்கும். பெருங்காய டப்பா காணோம்னு வீட்டில் ரெண்டு நாள் விசாரணை நடந்தது தனிக்கதை.

எந்த மீனுக்கு எந்த ஆழம்னு பார்த்துப் போடணும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மேயும். தக்கையை முள்ளுக்குக் கிட்டத்திலே கட்டுங்க. ரோகு நடுத்தண்ணி. மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமண்ணைக் கிளறித் திங்கும், அதுக்கு இரை தரையைத் தொடணும். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான். இரையை உறிஞ்சிப் பார்த்து, பிடிக்கலைன்னா துப்பிடும். தக்கை ஆடினதும் அவசரப்பட்டு இழுக்காதீங்க.

மலிவா இருக்கேன்னு குட்டையில் கூடை கூடையாவும் கொட்டக்கூடாது. மீதி அடியில் அழுகும், தண்ணியில் ஆக்ஸிஜன் குறையும், விடியக்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த மீனைப் பிடிக்கத் தூண்டிலே வேண்டியதில்லை.

பசங்களோட இப்போ ஒரு ஒப்பந்தம். மண்வெட்டியை என்கிட்டே கொடுத்தால் ஒரு உருண்டை மாவு. போன வாரம் ஒரு பொடியன் அதைக் கிள்ளி வாயில் போட்டுட்டு, "தாத்தா, உப்புப் பத்தலை"ன்னு சொல்லிட்டுப் போறான்.