கார்டின் முதுகில் மூன்று இலக்கம்

கிரெடிட் கார்டைத் திருப்பிப் பாருங்கள். கையெழுத்துப் பட்டையின் ஓரத்தில் மூன்று இலக்கம் இருக்கும், அதுதான் சிவிவி. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே எல்லாவற்றிலும் பின்பக்கம்தான் வழக்கம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தனி வழி: முன்பக்கத்தில், கார்டு எண்ணுக்கு மேலே, நான்கு இலக்கம். இணையக் கடைக்காரர் கார்டைப் பார்க்க முடியாது. அது வாங்குபவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. அதனால்தான் காந்தப் பட்டையில் இது இருக்காது. பணம் எடுத்த பிறகு கடைக்காரர் இதைச் சேமித்து வைக்கவும் கூடாது. நாமோ ஓட்டலில் பில் அட்டைக்குள் கார்டைச் செருகி, சர்வர் அதைக் கல்லாவுக்குக் கொண்டுபோவதை வேடிக்கை பார்க்கிறோம். இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ‘ஓடிபி வருமே’ என்பார்கள். உள்நாட்டில் பெரும்பாலும் வரும், சரி. பல வெளிநாட்டுத் தளங்கள் அதைக் கேட்பதே இல்லை. கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே நிறுத்தி வைக்கும் வசதியை வங்கிகள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவிட்டுவிட்டது. தேவையில்லாதவர்கள் செயலியைத் திறந்து இன்றே அதை அணைத்து வையுங்கள்.