கார்த்திகையில் வேண்டாம் கத்தரி

தில்லிக்குக் குடிபெயர்ந்து வரும் தமிழ்க் குடும்பம் எதுவானாலும், வீடு பிடித்து, கேஸ் இணைப்பு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒரு தொட்டியில் கறிவேப்பிலையும் இன்னொரு தொட்டியில் மல்லிகையும் வைப்பதுதான் அது. கீழ்த்தள வீடாக அமைந்துவிட்டால் செம்பருத்தி, ரோஜா, நந்தியாவட்டை என்று பட்டியல் நீளும். வைத்த செடி பெரும்பாலும் பிழைத்தும் விடுகிறது. ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்து ஒரே புலம்பல்: "செடி என்னமோ தளதளன்னுதான் இருக்கு, பூவைத்தான் காணோம்."

மண் சரியில்லை, தண்ணீர் உப்பு, யார் கண்ணோ பட்டுவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படும். என் கருத்து வேறு. நல்ல வெயில் விழும் இடத்தில் இருந்தும் செடி பூக்கவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணையல்ல, கத்தரியைத்தான். ஒன்று, கத்தரியே படாமல் செடி முற்றிக் கட்டையாகிவிடுகிறது. இல்லையென்றால், படக்கூடாத சமயத்தில் பட்டுவிடுகிறது.

செடியை அளவாக வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்று நமக்கு அருமையான சொல் இருக்கிறது. மல்லிகைத் தோட்டத்துக்காரரும் தேயிலைத் தோட்டத்துக்காரரும் அன்றாடம் புழங்கும் சொல். வீட்டுத் தோட்டத்தில்தான் அதைச் சொல்லவும் மறந்துவிட்டோம், செய்யவும் மறந்துவிட்டோம்.

கவாத்து என்ன செய்கிறது? ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஆக்சின் என்ற ஒரு சத்து சுரந்து கீழ்நோக்கி இறங்குகிறது. கீழே கணுக்களில் உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகளைத் தலைதூக்க விடாமல் அது அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டியதும் அந்த அதிகாரம் போய்விடுகிறது. ஒரு கொம்பு இருந்த இடத்தில் இரண்டு, மூன்று தளிர்கள் கிளம்புகின்றன. குண்டுமல்லி பூப்பது இந்தப் புதுத் தளிரின் நுனியில்தான். பழைய கட்டையை எவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது இலையைத்தான் காட்டும்.

சரி, எப்போது வெட்டுவது? இங்கேதான் நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தை அப்படியே தில்லிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்வார்கள். அங்கே அது சரி. மார்கழிப் பனி என்று நாம் பேசிக்கொண்டாலும், மதுரைக் குளிர் தளிரைக் கருக்கும் குளிர் அல்ல.

தில்லிக் கதை அப்படியா? டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 4 டிகிரிக்கும் கீழே இறங்குவது இங்கே புதிதல்ல. கூடவே மூடுபனி, நாள் கணக்கில் சூரியனைக் காணமுடியாது. கார்த்திகையில் வெட்டினால், வெட்டிய சூட்டில் கிளம்பும் இளந்தளிர் நேராகப் போய் அந்தக் குளிரில் மாட்டிக்கொள்ளும். கருகிய தளிருக்காகச் செடி செலவழித்த சேமிப்பெல்லாம் வீண். அதனால் மாசி பிறக்கும் சமயம், பிப்ரவரி முதல் பாதியில், குளிரின் கடுமை தணிந்ததும் வெட்டுங்கள் என்கிறேன். தரையில் இருக்கும் செடியானால் ஒன்றரை அடி விட்டுவிடலாம். தொட்டிச் செடியானால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைக்கலாம். பிறகு ஒரு கூடை மக்கிய எரு. வெயில் ஏறும்போது மொட்டும் ஏறும்.

எல்லாச் செடிக்கும் பிப்ரவரிதானா என்றால், இல்லை. மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரே விதி: செடி எந்தக் கொம்பில் பூக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கத்தரியை எடுங்கள். மல்லிகையும் செம்பருத்தியும் புதுக்கொம்பில் பூப்பவை; அவற்றுக்குக் குளிர் முடிந்த கையோடு கவாத்து. ரோஜாவும் புதுக்கொம்பில்தான் பூக்கிறது. ஆனால் தில்லியில் அதன் சிறந்த பருவமே குளிர்காலம் என்பதால், அதற்கு அக்டோபர் இரண்டாம் வாரத்தையொட்டி வெட்டு. ஏறக்குறைய ஆறு, ஏழு வாரத்தில் பூ. குளிரில் வெள்ளையாகப் பூக்கும், இங்குள்ளவர்கள் 'குந்த்' என்று சொல்லும் மல்லிகையையும், பிப்ரவரி, மார்ச்சில் பூங்கா ஓரங்களில் சரம்சரமாகத் தொங்கும் 'பீலி சமேலி'யையும் பூத்து முடிந்த பிறகுதான் தொட வேண்டும். பூப்பதற்கு முன்னால் வெட்டினால், அந்த வருடப் பூவை நாமே வெட்டிக் குப்பையில் போட்டதாக அர்த்தம்.

இந்த விதி தெரியாதவர் நம் வீட்டுக்கு வருகிற மாலி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு பார்க்கிறவர் அவர். குடியிருப்போர் சங்கம் கேட்பது ஒழுங்கு, பூவல்ல. பெரிய வேலிக் கத்தரியால் எல்லாச் செடியையும் மாதம் ஒரு முறை உருண்டையாக மழித்துவிட்டுப் போய்விடுகிறார். பார்வைக்குத் திருத்தமாக இருக்கும். ஆனால் வெளியே ஒரு பச்சைத் தோல், உள்ளே வெயில் படாத சுள்ளி. வருகிற மொட்டெல்லாம் மாதாமாதம் கத்தரிக்குப் பலி. மழிப்பது வேறு, கவாத்து வேறு. காய்ந்ததையும் நோய்ப்பட்டதையும் ஒன்றோடொன்று உரசும் கொம்பையும் முதலில் அடியோடு எடுக்க வேண்டும். பிறகு மிச்சத்தை, வெளிப்புறம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, துருவில்லாத கூர்மையான கத்தரியால் வெட்ட வேண்டும். "அபீ நஹீ பையா, ஃபர்வரி மே" என்று மாலியிடம் சொல்ல நமக்கு இந்தி இலக்கணம் முழுதும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

கறிவேப்பிலைக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. தில்லிக் குளிரில் அது இலை பழுத்து உதிர்ப்பது இயல்பு. பயந்துபோய் அப்போது வெட்ட வேண்டாம். மார்ச்சில் துளிர்க்கத் தொடங்கியதும் மூன்றடி உயரத்தில் நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளைகள் கிளம்பும். சமையலுக்கு எடுக்கும்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலையை உருவாமல் கிளை நுனியோடு நறுக்கி எடுப்பது நல்லது. பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை பெருகும்.

இதை இளமையிலேயே செய்யாவிட்டால் என்ன? 1994-ஆம் வருடத்துத் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் தண்டின் விட்டம் 5 செ.மீ.க்குக் குறையாமலும், மொத்த உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் மரம். தரையில் வைத்த கறிவேப்பிலை சில வருடங்களில் இந்த அளவைத் தாண்டிவிடும். அதன் பிறகு அதை வெட்டிச் சாய்க்க வனத்துறையின் அனுமதி வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் சொன்னது செடிக்கு அப்படியே பொருந்துகிறது. சட்டம்கூட அந்த ஐந்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது!

வீட்டுப் பெரியவர்களின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. பச்சைச் செடியில் கத்தரி வைப்பது பாவம், அதிலும் ஊரிலிருந்து பதியன் போட்டு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் செடியின் மேல் உள்ள பாசம், அது இப்போது நிற்கிற மண்ணையும் குளிரையும் புரிந்துகொள்வதில்தான் தெரிய வேண்டும். ஊர்ச் செடியாக இருக்கலாம். அது உண்பது தில்லி வெயிலை, தாங்குவது தில்லிப் பனியை. ஊர் நாள்காட்டியை வைத்து அதைத் துன்புறுத்துவது நியாயமில்லை.

வெட்டிய கொம்புகளையும் வீசிவிடாதீர்கள். நோயில்லாத, பென்சில் கனமுள்ள கொம்பை ஆறு அங்குலமாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் நட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சிலதாவது வேர் பிடிக்கும். மல்லிகை இல்லாத அடுத்த வீட்டுக்கு அதைக் கொடுக்கலாம். அடுத்த வீடு பஞ்சாபியர் வீடாக இருந்தாலும் சரி. மல்லிகைக்கு 'மோதியா' என்று பெயர் வைத்து, அவர்களும் அந்த மணத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.