தொகை இருக்கிறது, பெயர் இல்லை

திருச்சுழிப் பக்கம் பஸ்ஸில் போனால், சீமைக் கருவேலத்துக்குள் ஒரு கோயில் மட்டும் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். சுற்றிலும் ஒரு காலத்தில் வீடுகள். கண்மாய் வற்றியது, பிள்ளைகள் பிழைப்பு தேடிப் போனார்கள், ஊர் போயிற்று.

அப்படி ஓர் ஊரைத் தேடினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் அதன் ஆள் தொகை கிடைக்கும். (1985-க்கு முந்தியதை விருதுநகரில் தேடாதீர்கள், ராமநாதபுரத்தில் பாருங்கள்.) குடியற்றுப்போனாலும் வருவாய்க் கிராமத்தின் பெயர் பட்டியலில் நிற்கும். ஆனால் அங்கே இருந்தவர்கள் யார் யார்? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, கணக்கெடுத்த பதிவேட்டைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்ற பேச்சும் இல்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன், அந்த நாட்டு வழக்கம் ஞாபகம் வருகிறது. அங்கே ஆள் பெயரோடு உள்ள பட்டியலை 75 வருஷம் கழித்து யாரும் பார்க்கலாம். 1916 வெர்தன் சண்டையில் அழிந்த ஆறு கிராமங்களில் இன்று ஒரு குடி கிடையாது. ஆனாலும் மேயர் உண்டு!

நம் பக்கம் ஸ்ரீவைகுண்டம் அருகே மீனாட்சிபுரத்தில், தண்ணீர் இல்லாமல் எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு பெரியவர் இருந்தார். 2024-இல் அவரும் காலமானார். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027-இல், கைபேசியில். கட்டுக் கட்டாகக் காகிதம் அடுக்க இனி அறை தேட வேண்டாம். பெயர்களைப் பத்திரப்படுத்தி, 75 வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்?