புள்ளி வைத்து விட்ட இடங்கள்

1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. கிடைத்த ஏடுகளில் இல்லை, ஆகவே அச்சிலும் இல்லை. இன்னும் பல பாடல்களில் செல்லரித்த சொற்களின் இடத்தில் வெறும் புள்ளிகள் நிற்கின்றன. சங்கச் செய்யுளின் ஓசையும் சொல்லாட்சியும் அவரளவு கைவந்தவர்கள் அன்று மிகச் சிலர். அவர் நினைத்திருந்தால் அந்த இடங்களைத் தளை தட்டாமல் நிரப்பியிருக்கலாம். நூறாண்டு கழித்தும் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். தமிழில் ஆய்வு நேர்மை என்ற பேச்சை நான் இந்தப் புள்ளிகளிலிருந்தே தொடங்குவேன்.

நிரப்பியவர்களும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் எது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. நூல்களைப் பட்டியலிடும் பழைய வெண்பாவின் பாடபேதம் அதற்கு இடம் கொடுத்தது. பொய்கையார் பெயரில் 45 பாடல்களோடு ‘இன்னிலை’ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. 1917இல் அதை உரையோடு வெளியிட்டவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. செக்கிழுத்த மனிதர் நல்லெண்ணத்தோடு நம்பினார், கேட்டவர்களும் நம்பினார்கள். 1931இல் இ.வை. அனந்தராமையர் ‘கைந்நிலை’யைப் பதிப்பித்தார். பல பாடல்கள் சிதைந்திருந்தாலும் அதற்குப் பழைய உரையாசிரியர்களின் மேற்கோள் துணை இருந்தது. இன்னிலை பிற்காலத்தில் யாரோ எழுதிச் சேர்த்தது என்ற முடிவுக்கு அறிஞர்கள் வந்தார்கள். முழுமையாகக் கிடைத்தது பொய், சிதைந்து கிடைத்தது மெய்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை நெசவாளரிடம் சரிகை இழையைக் கொடுத்தால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். மேற்பூச்சு விலகி உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால்தான் அசல் சரிகை. மினுமினுப்பைப் பார்த்து அவர் விலை பேசுவதில்லை. நம் பல்கலைக்கழகங்களோ மேற்பூச்சை அளக்கவே விதி வகுத்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. திருட்டைத் தடுக்க இது வேண்டியதுதான். ஆனால் இட்டுக்கட்டிய அளவீட்டை எந்த மென்பொருள் பிடிக்கும்? யாரும் எழுதாததைப் புதிதாக எழுதிய இன்னிலைக்கு ஒப்புமைச் சோதனை வைத்தால் பூஜ்யத்தை ஒட்டித்தான் வந்திருக்கும்.

சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா சுமார் 25 ஆண்டுகள் இமயமலைப் புதைபடிவங்கள் என்று எழுதிக் குவித்தார். அவற்றில் மொராக்கோவிலிருந்து வந்தவையும் உண்டு என்று ஆஸ்திரேலியாவின் ஜான் டேலன்ட் 1989இல் ‘நேச்சர்’ இதழில் அம்பலப்படுத்தினார். குப்தாவோடு சேர்ந்து கையெழுத்திட்ட அறிஞர்கள் ஏராளம். கல் எங்கே கிடைத்தது, காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால் போதும்.

கேட்கும் வழக்கம் காஞ்சிபுரம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஐயம்பேட்டைக்கு அதிகத் தொலைவில்லாத உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின்படி, ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும், மாமனாரும், மைத்துனரும்கூட நிற்க முடியாது. உறவினரைத் தண்டிப்பது இன்றைக்கு ஒவ்வாது. ஆனால் கூட இருந்து பலன் பெற்றவருக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம், மாணவர் கட்டுரையில் பெயர் மட்டும் போட்டுக்கொள்ளும் நெறியாளர்களுக்கு அவசியம் வேண்டும்.

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022இல் நீக்கியது நல்ல காரியம். பதவி உயர்வும் கல்லூரித் தரவரிசையும் இன்னும் எண்ணிக்கையை நம்பியே ஓடுகின்றன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025 முதல் தேசியத் தரவரிசையில் மதிப்பெண் குறைக்கிறார்கள். மோசடி செய்தவருக்கு அது சரி. தன் பிழையைத் தானே கண்டு கட்டுரையைத் திரும்பப் பெறும் ஆய்வாளரின் கல்லூரிக்கும் அதே வெட்டு விழுந்தால், அடுத்த ஆய்வாளர் தன் பிழையை மறைக்கத்தான் பார்ப்பார். இரண்டையும் பிரித்துப் பார்க்க விதி வேண்டும். சோதனை எதிர்பார்த்தபடி வரவில்லை என்று எழுதும் மாணவருக்கும் பட்டம் கிடைக்க வேண்டும். மூலத் தரவைத் துறையில் ஒப்படைக்காத ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்திடக் கூடாது.