கடன் அனுமதிக்கும் பத்திரப்பதிவுக்கும் நடுவே

வங்கி வீட்டுக்கடனுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வீடு கைக்கு வந்துவிட்டதாகப் பெண்கள் பலர் நம்புகிறோம். அது சில மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும், நிபந்தனைகள் நிறைந்த ஒரு வாக்கு. விற்பவர் கைக்கு வரைவோலை போகும்வரை தொகையைக் குறைக்கவும் அனுமதியை ரத்து செய்யவும் வங்கிக்கு வழியுண்டு. பணம் விடுவிக்கும் முன் சிபில் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் உண்டு. கடன் விவரங்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இன்று போடும் கையெழுத்து அடுத்த மாதமே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே இடைப்பட்ட நாட்களில் புதுக்கடன் வாங்காதீர்கள், ஜாமீன் போடாதீர்கள், சேமிப்பைத் தொடாதீர்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அது தன் கையெழுத்து தன்னுடையது என்று நம்பி வளர்ந்த ஆணை நினைத்துச் சொன்னது. சம்பளம் வாங்கும் பெண்ணின் கையெழுத்து நம் வீடுகளில் பொதுச்சொத்து. கிணற்று வாளியைப் போல யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

என்னோடு பணிபுரியும் ஒருவர், மணமாகாதவர், நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தார். கடன் அனுமதியான மூன்றாவது வாரம் தம்பி வந்து நின்றான். லாரிக் கடனுக்கு நிரந்தர வேலையிலிருக்கும் ஒரு ஜாமீன்தாரர் வேண்டுமாம். "சும்மா ஒரு கையெழுத்துதானேக்கா." சும்மா இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒன்றே. லாரிக் கடன் அக்காவின் அறிக்கையிலும் ஏறும்; அவருடைய கடன் தகுதி அந்த அளவுக்குக் குறையும். பூர்வீக வீட்டில் 1989 சட்டத் திருத்தம் தனக்குக் கொடுத்த பங்கை விடுதலைப் பத்திரம் எழுதித் தம்பிக்கே விட்டுக்கொடுத்தவர் இவர். ஒரு வீட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவன், இரண்டாவது வீட்டுக்கும் குறுக்கே பேனாவை நீட்டுகிறான். அவர் மறுத்தார். அம்மா ஒரு மாதம் பேசவில்லை. பத்தே நாளில் தம்பியின் மைத்துனர் ஜாமீன் போட்டார். அவரை முதலிலேயே கேட்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

அடுத்தது சேமிப்பு. 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு என்றால் வங்கி அதிகபட்சம் 40 லட்சம் தரும். மீதி 10 லட்சமும், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது நாலரை லட்சமும் நம் கையிலிருந்து போக வேண்டும். பதிவு நாள்வரை பெண்ணின் கணக்கில் கிடக்கும் அந்தப் பதினாலரை லட்சத்துக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் 'சும்மா கிடக்கிற பணம்'. மச்சினன் கல்யாணம், மாமனாரின் அறுவை சிகிச்சை, கடைக்குச் சரக்கு. இவற்றில் உண்மையான அவசரமும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணவரின் வைப்புநிதியை உடைத்துப் பார்த்த பிறகா உங்களிடம் வருகிறார்கள்?

பெண்ணின் பெயரை எங்கே பயன்படுத்துவது என்பது மட்டும் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சலுகை கொண்டுவந்தது. சில வங்கிகள் வட்டியில் 0.05 சதவீதம் குறைக்கின்றன. அப்போதெல்லாம் அவள் பெயர் வேண்டும். (மனைவி, இல்லாள் என்று வீட்டைக் கொண்டே பெண்ணுக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. பட்டாவில்தான் அந்தப் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.)

'பத்திரத்துக்காக உறவைப் பகைத்துக்கொள்வதா' என்று கேட்பார்கள். உறவைப் பணயமாக வைத்துக் கையெழுத்துக் கேட்டவரிடம் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம், வாங்கிப் பாருங்கள். அண்ணன் ஓட்டும் வண்டியின் தவணை உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அனுமதிக் கடிதம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக்காட்ட வேண்டாம். பதிவுத் தேதியை, தேவைப்பட்டால், முந்தின நாள் இரவு சொன்னால் போதும்.