உண்மையைச் சொன்னார், சம்பளம் போயிற்று

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் உத்தரவாதமுள்ளது என்பார்கள். ஆட்டத்தில் கால் ஒடிந்து வீட்டில் படுத்தாலும் சம்பளம் வரும். ஆனால் பனிச்சறுக்கு, மோட்டார் பந்தயம், கால்பந்து போன்றவற்றில் குழுவின் எழுத்து மூலமான அனுமதியின்றி இறங்கக்கூடாது. ஓய்வு நாளிலும் இது செல்லும்.

நியூயார்க் யாங்கீஸ் குழுவின் ஆரன் பூன், 2003 அக்டோபரில் பாஸ்டனுக்கு எதிராக அடித்த ஒரே அடியில் குழுவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றவர். 2004ம் ஆண்டுக்கு 57.5 லட்சம் டாலர் பேசியாயிற்று. ஜனவரியில் கூடைப்பந்து ஆடப்போய் முழங்கால் தசைநார் அறுந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் கூடைப்பந்துக்குத் தடை. உடற்பயிற்சியில் நேர்ந்தது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குழு அவரை நீக்கியது. கிடைத்தது 30 நாள் சம்பளம், சுமார் 9.17 லட்சம் டாலர். (நம் குமாஸ்தாவுக்கு அதுவே ஏழு தலைமுறைக்குக் காணும்!)

2002ல் சான் பிரான்சிஸ்கோவின் ஜெஃப் கென்ட், வண்டி கழுவும்போது மணிக்கட்டு முறிந்தது என்றார். மோட்டார் சைக்கிள் சாகசத்தில் விழுந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவருடைய ஒப்பந்தம் ரத்தாகவில்லை. ஆக, மறைப்பவரைவிட ஒப்புக்கொள்பவரையே இந்த ஷரத்து எளிதில் பிடிக்கிறது.

அதே பூன், 2017 டிசம்பரில் யாங்கீஸின் மானேஜராக அமர்த்தப்பட்டார்.